மலைமாட்டு வயிறு

2 செப்டம்பர் 2024, திங்கள்

விடிந்ததும் ஜோதி வந்து இறங்கினாள். பையை நடையில் போட்டுவிட்டு, ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். பெற்றவளுக்குக் கோபம். "வீட்டுல மனுசங்க இருக்கோம். மொதல்ல மாட்டு மூஞ்சியத்தான் பாக்கணுமா" என்று முனீஸ்வரி பாத்திரத்தை உருட்டினாள். மருமகளோடு அடுப்படியில் மல்லுக்கு நிற்கிற வயதா எனக்கு? உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவள். என் மகன் வயிற்றுப் பேத்தி டாக்டர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் இருந்து எங்கள் புஞ்சையைத் தேடி வருகிறாள்.

பின்னாலேயே நானும் போனேன். சங்கிலி வைக்கோலை உதறிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன் அவன், எனக்குக் கொழுந்தன். ஒரு காலத்தில் மலைமாடு அவனிடம் மந்தையாக நின்றது. காட்டிலாகா மலையில் மேய்ச்சலை நிறுத்தியபின் ஒவ்வொன்றாக விற்றான். ஜோதி கேட்டுக்கொண்டதால் பத்தை மட்டும் எங்கள் புஞ்சையில் கட்டி வைத்திருக்கிறான். தீவனமும் அவன் கூலியும் ஜோதியின் ப்ராஜெக்டில் இருந்து வருகிறது.

மாட்டு வாயில் குழாயை விட்டு, கைப்பம்பால் இழுத்து, பச்சையாக வருகிற தண்ணீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். அந்த நாற்றத்துக்குச் சங்கிலியே மூக்கைத் துண்டால் மூடினான். அவள் முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை. அந்தத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடி கோடியாக இருக்கிறதாம். தின்ற தழையைச் செரிக்க வைப்பது மாடு இல்லையாம், அந்த உயிர்கள்தானாம்.

"மாடு வெறும் சட்டி அப்பத்தா. உள்ள சமைக்கிறது அதுகதான்."

4 செப்டம்பர்

மொச்சை உரித்துக்கொண்டே ஜோதியிடம் கேட்டேன், இதில் என்னதான் தேடுகிறாய் என்று. நிதானமாகச் சொன்னாள். மலையில் இருக்கிற தழையெல்லாம் துவர்ப்பும் கசப்பும். மற்ற மாடு தின்றால் ஒத்துக்கொள்ளாது. மலைமாட்டு வயிற்றில் இருக்கிற உயிர்களுக்கு மட்டும் அது பழக்கம். மாடுகள் மலையில் இருந்தபோதே வயிற்றுத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டாள். இப்போது அதே மாடுகள் கீழே இறங்கி வைக்கோல் தின்கின்றன. அந்த உயிர்கள் சாகிறதா, ஒளிந்து கிடக்கிறதா, அதுதான் கேள்வி. தை மாதக் கடைசியில் எடுப்பதுதான் முடிவான தண்ணீர். அதை வைத்து எழுதினால், கோடையில் வரும் நிரந்தர வேலைக்கு அவள் பெயர் நிற்கும். மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது. முப்பத்துமூன்று வயதாகிறது. கூடப் படித்தவர்கள் பாதிப்பேர் வெளிநாட்டில்.

"இந்த மாடு போச்சுன்னா?" என்றேன்.

"போச்சுன்னா போச்சு. மறுபடி மலைக்கு அனுப்பி மொதல்ல இருந்தா ஆரம்பிக்க முடியும்?"

போகும்போது சங்கிலியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். வைக்கோல், சோளத்தட்டை, தண்ணீர். வேறு எதுவும் வாயில் படக்கூடாது.

19 செப்டம்பர்

தேனி பஸ்ஸில் கூட்டம். முன் சீட்டில் மேலத்தெரு பொன்னுராஜ் பெண்டாட்டி. "ஒங்க பேத்திகிட்டச் சொல்லி எனக்கு முழங்கா வலிக்கு மாத்திரை வாங்கிக் குடுங்களேன்" என்றாள். மனுசருக்கு வைத்தியம் பார்ப்பவள் இல்லை என்றேன். அப்ப மாட்டு ஆசுபத்திரியா என்றாள். அதுவும் இல்லை, மாட்டு வயிற்றுக்குள் இருப்பதை ஆராய்கிறவள் என்றேன்.

"அப்பச் சாணி டாக்டருன்னு சொல்லுங்க."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும்தான். அல்லிநகரம் வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருக்கட்டும். ஒரு நாளைக்கு இவர்களுக்குக் காட்டாமல் விடமாட்டேன்.

31 அக்டோபர், தீபாவளி

ஜோதி வரவில்லை. ஒரு வரன் வந்தது, வேலை நிரந்தரமா என்று கேட்டார்கள். என் மகன் சுருளிவேல் இல்லை என்றான். அதற்குமேல் அவர்கள் பேசவில்லை. அதிரசம் அப்படியே இருக்கிறது.

22 நவம்பர்

ஜோதி வந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்விட்டாள். காதோரம் நரை. எண்ணெய் வைத்து விடுகிறேன் என்றேன், நேரமில்லை என்றாள். மாடுகள் இளைத்திருக்கின்றன. விலா எலும்பு தெரிகிறது. அதுகளைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது, இவளைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது.

10 ஜனவரி 2025

பொங்கலுக்கு வர முடியாதாம். பெரிய மிசினில் அவளுக்கு இப்போதுதான் முறை கிடைத்திருக்கிறதாம், விட்டால் இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். பொங்கல் கழித்து வந்து கடைசித் தண்ணீர் எடுப்பாள். "அதோட முடிஞ்சது அப்பத்தா" என்றாள். குரலில் சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை.

13 ஜனவரி

கடைவீதியில் பொன்னுராஜ் பெண்டாட்டியைப் பார்த்தேன். எங்கள் பேத்தி ஆராய்ச்சி மாட்டுக்கு நாளை மறுநாள் பொங்கல் வைக்கிறோம், தெருவோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டுக்கொண்டு நின்ற நாலு பேரிடமும் சொன்னேன்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

எவ்வளவோ வருசத்துக்குப் பிறகு மனசு நிறைந்த நாள்.

விடியற்காலையே புஞ்சையில் அடுப்புக் கூட்டினேன். பச்சரிசியும் வெல்லமும் பெரிய பானையில் பொங்கி வழிந்தது. கிழக்கே பார்த்துத்தான் வழிந்தது. சங்கிலி கொம்புக்கு வர்ணம் அடித்தான். மலைமாடு மற்ற மாடு மாதிரி நிற்காது, புது ஆள் கிட்டே வந்தால் தலையை ஆட்டிக் குத்த வரும். இன்றைக்கு என்னவோ சாதுவாக நின்றன.

சங்கிலிதான் கொஞ்சம் இழுத்தான். "மதினி, ஜோதி ஒன்னும் குடுக்கக் கூடாதுன்னுச்சு. ஆளுக்கு ஒரு உருண்டை, பேருக்கு வாயில தடவி விட்ருவோமா?"

"அது தெனப்படி தீனிக்குச் சொன்னதுடா. இது சாமி காரியம். வருசம் பூரா வைக்கோலத் தின்னுட்டு நிக்கிற வாயில்லா சீவன் இன்னைக்கும் பட்டினி கிடந்தா, அதுக வயிறெரிஞ்சு அந்தப் பாவம் அவ தலையிலதான விடியும்?"

அவன் வாழை இலை அறுக்கப் போனான்.

ஊரே வந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. பொன்னுராஜ் பெண்டாட்டி ஊறவைத்த அரிசியும் வெல்லமும் ஒரு அண்டா நிறையக் கொண்டுவந்தாள். பின்னாலேயே வாழைத்தார் வந்தது. யாரோ மக்காச்சோளம் இடித்து மூட்டையோடு இறக்கினார்கள். ஒரு மாட்டுக்கும் இல்லை என்று யாரையும் சொல்லவிடவில்லை நான். அதுகள் தின்ற வேகத்தைப் பார்க்க வேண்டுமே. இலையோடு சேர்த்து இழுத்தன. "சாணி டாக்டரு மாடு நல்லாத்தான் திங்குது" என்றாள் பொன்னுராஜ் பெண்டாட்டி. இந்தத் தடவை நானும் சிரித்தேன். பெருமையோடு சிரித்தேன்.

ஜோதிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மிசின் பக்கத்தில் இருப்பாள்.

16 ஜனவரி

காலையில் சங்கிலி ஓடிவந்தான். மாடு வைக்கோலைத் தொடவில்லை என்றான். தின்ற மிதப்பு, செரித்தால் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். நான்தான்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் வயிறு பானை மாதிரி. பல்லை நறநறவென்று கடிக்கிறது. சாணி தண்ணியாகப் போகிறது, புளிச்ச மாவு நாற்றம். ஒரு மாடு எழுந்திருக்க முடியாமல் முன்னங்காலை மடக்கி மடக்கி விழுகிறது. அசை போடுகிற மாடு ஒன்று கூட இல்லை. சுருளிவேல் ஆசுபத்திரி டாக்டரைக் கூட்டிவந்தான். அவர் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார், ஊசி போட்டார். என்ன குடுத்தீக என்றார். சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். வருசா வருசம் இந்த நாளில் அங்கங்கே நடக்கிறதுதானாம். தவிட்டைப் பார்த்த மாடு கொஞ்சமாவது தாங்கும், காய்ந்த வைக்கோலிலேயே கிடந்த வயிறு இவ்வளவு அரிசியையும் சோளத்தையும் தாங்காது, உள்ளே அமிலமாகி எல்லாம் வெந்துபோகும் என்றார்.

எல்லாம்னா? அந்த உசுருகளுமா?

கேட்க வாய் வரல. ஜோதிகிட்டச் சொன்னது சங்கிலிதான். போன நான் வாங்கல. கையெல்லாம் சாணின்னு சொன்னேன். பயம்.

17 ஜனவரி

ரெண்டு செத்துருச்சு.

வர்ணம் அடிச்ச கொம்போட கிடக்குதுக. மாலைகூட வாடல.

17 ஜனவரி, மறுபடியும்

எழுதாமல் இருக்க முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஜோதி காலை பஸ்ஸில் வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு மாட்டின் வயிற்றிலும் காதை வைத்துக் கேட்டாள். குழாயை விட்டு எடுத்த தண்ணீரை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சங்கிலி என்னத்தா தெரியுது என்றான்.

"ஒன்னும் அசையல சின்னத்தாத்தா."

அதற்குள் இன்னும் இரண்டு போய்விட்டது. மிச்சம் ஆறு. அதுகளும் கழுத்தை விலாப் பக்கம் திருப்பிப் போட்டுப் படுத்துக் கிடந்தன. ஜோதி எழுந்தாள். நம்ம வீட்டுக் கறவை மாட்ட ஓட்டிட்டு வாங்க என்றாள். எங்கள் மாடு ஜெர்சிக் கலப்பு, அது பொங்கலன்று வீட்டில் கட்டிக் கிடந்தது, அளவாகத்தான் தின்றது. அதன் வயிற்றில் இருந்து தண்ணீர் எடுத்து, வாளியில் பிடித்து, சூடு ஆறுவதற்குள் இதுகளுக்கு ஊற்றப் போகிறாள். உள்ளே செத்துப்போன உயிர்களுக்குப் பதிலாக உயிரோடு இருக்கிற உயிர்கள். இப்படிச் செய்தால் பிழைக்கும் என்றாள்.

சங்கிலிக்குத்தான் உறைத்தது. இத்தனை வருசம் அவளுக்குக் கூடமாட நின்றவன். குழாயைப் பிடித்திருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆத்தா, இரு. வேற மாட்டுத் தண்ணிய உள்ள விட்டுட்டா அப்புறம் நீ தேடுறது எங்கன இருக்கும்? ரெண்டு நாள் பொறு. தானாத் தேறுற மாடு ஒன்னாச்சும் நின்னா, அத வச்சு எழுதிக்கலாம்ல."

"தேறாது."

"ஒருவேளை தேறுச்சுன்னா?"

"சாகப்போற மாட்டப் பாத்துக்கிட்டு நின்னு என்னத்தத் தாத்தா எழுதச் சொல்றீக?"

கையை விடுவித்துக்கொண்டாள். ஊற்றினாள். ஆறு மாட்டுக்கும். எங்கள் கறவை மாடு அப்பாவியாக நின்றுகொண்டிருந்தது. கடைசி மாட்டுக்கு ஊற்றி முடித்துவிட்டுக் குழாயைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"இனி மேல்தோலு மட்டும்தான் மலைமாடு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

18 ஜனவரி

ஒரு மாடு அசை போடுகிறது.

20 ஜனவரி

ஆறில் ஐந்து எழுந்து நின்றுவிட்டது. ஒன்று போய்விட்டது. ஜோதி கிளம்பினாள். நான் காலில் விழாத குறையாக அவள் முன்னால் நின்றேன். திட்டு என்றேன். கையில் கிடைத்ததை எடுத்து என்னை அடி என்றேன். "நீ எனக்காகத்தான அப்பத்தா வச்ச" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். முனீஸ்வரிகூட என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பரவாயில்லை. இந்த வீட்டில் யாராவது என்னைச் சொன்னால் பரவாயில்லை.

2 பிப்ரவரி

பொன்னுராஜ் பெண்டாட்டி எதிரே வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அவள் கேலி செய்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

11 பிப்ரவரி

சங்கிலி போனில் ஜோதியின் கைடு சாருடைய நம்பர் இருந்தது. சுந்தரலிங்கம் சார். பெரியவர், மரியாதையாகப் பேசினார். ஐயா, நான் ஜோதியோட அப்பத்தா, பொங்கல் வைத்தது நான்தான், அவளுக்குத் தெரியவே தெரியாது என்றேன். ஜோதி அப்படிச் சொல்லவில்லையாம். தீவனத்தைக் கவனிக்காமல் விட்டது தன் தப்பு என்று சொல்லியிருக்கிறாளாம்.

"அத மாத்திரலாமுங்களா ஐயா? நான் வேணா அங்கன வந்து சொல்றேன்."

"யார் தப்புன்னாலும் அந்த வயித்தோட மாடு இல்லையேம்மா" என்றார்.

இருக்கிறதை வைத்து எழுதக் கூடாதா என்று கேட்டேன். முடிவு இல்லாமல் எழுதினால் யாரும் போடமாட்டார்கள் என்றார். வேறு மலைமாடு பிடித்துத் திரும்பச் செய்யலாமா என்றேன். மலையில் மேய்கிற மாடு எங்கம்மா இருக்கு என்று என்னையே கேட்டார். எனக்குத்தான் தெரியுமே, இல்லை என்று.

31 மார்ச்

ஒப்பந்தம் முடிந்தது. இனிமேல் தீவனத்துக்கும் கூலிக்கும் ஒன்றும் வராது. சங்கிலி மாட்டை விற்கப் போகிறேன் என்று சொல்ல வந்தான். புஞ்சையில் சும்மா நிற்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "எதுக்கு மதினி? மேய மலை இல்ல, கறக்கப் பாலு இல்ல. எருவுக்கு அஞ்சு மாடு காணாது" என்றான். சரியாகத்தான் சொல்கிறான்.

3 ஏப்ரல்

வண்டி வந்தது. நான் போகவில்லை. வீட்டுக்குள் இருந்தாலும் சத்தம் கேட்டது. மலைமாடு ஏற மறுத்தால் லேசில் ஏறாது.

14 ஜூன்

நேர்காணலுக்குப் போய்விட்டு ஜோதி இங்கே வந்தாள். என்ன கேட்டார்கள் என்றேன். கடந்த மூன்று வருசத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாம். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். சின்னப்பிள்ளையில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் சுருண்டு தூங்குவாள்.

சாயங்காலம் எண்ணெய் கொண்டுவந்தேன். தலையைக் கொடுத்தாள்.

9 ஜூலை

லிஸ்ட் வந்துவிட்டது. அவள் பெயர் இல்லை. சுருளிவேல் இரண்டு தடவை பார்த்தான்.

அடுத்த தடவை பார்ப்போம் என்று முனீஸ்வரி சொன்னாள். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எட்டு வருசம்.

10 ஜூலை

சாமி கும்பிடவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன்.

என்னவென்று கேட்பேன்? எனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைக்குத்தான் கேட்டேன். கேட்ட கையாலேயே அள்ளிப் போட்டேன். சாமிய என்ன குத்தம் சொல்ல? பானைய இறக்குனவ நான். ஊரக் கூப்பிட்டவ நான். ஒரு உருண்டையோட விடுவோம்னு சொன்ன சங்கிலி வாய அடைச்சவ நான். பஸ்ஸுல நாலு பேரு சிரிச்சது பொறுக்கல எனக்கு. அவளுக்காகவா வச்சேன்? அவ அப்படித்தான் சொல்றா. நான் எனக்குல்ல வச்சேன்.

28 ஆகஸ்ட்

ஈரோடு பக்கம் மாட்டுத்தீவனக் கம்பெனியில் ஜோதி சேர்ந்துவிட்டாள். ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசுகிற வேலை. எந்த மாட்டுக்கு எந்த மூட்டை, எவ்வளவு போடவேண்டும் என்று. சம்பளம் முன்னைவிட நிறையத்தான். முனீஸ்வரி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். இனி யாரும் வேலை நிரந்தரமா என்று கேட்க மாட்டார்கள்.

அந்த ஆராய்ச்சி என்னத்தா ஆச்சு என்று போனில் கேட்டேன். "எது?" என்றாள். அப்புறம், "அது அவ்வளவுதான் அப்பத்தா" என்றாள்.

19 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு ஜோதி வந்திருக்கிறாள். கம்பெனிக் காரில், கம்பெனிப் பெயர் போட்ட சட்டையோடு. கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். நல்லதுதான். நாளை மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். சரி என்று சொல்லிவிட்டாளாம்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை சோற்றில் இருந்ததால் என்னைத்தான் அமுக்கச் சொன்னாள். சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன். பழைய லேபில் இப்போது படிக்கிற பையன், மதன்குமாராம். அக்கா, நல்லா இருக்கீங்களா என்றான். தயங்கித் தயங்கிப் பேசினான். கோழி ப்ராஜெக்ட் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஃப்ரீசரில் இடம் இல்லை. கீழ்த்தட்டு முழுக்க உங்கள் பெயர் போட்ட பெட்டிகள் இருக்கின்றன. மலையில் எடுத்தது, கீழே எடுத்தது, எல்லாம். சார் உங்களை ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார்.

ஜோதி வாயில் இருந்ததை மென்று முழுங்கினாள்.

"எடுத்துருங்க மதன்."

"எடுத்து எங்கக்கா வைக்க?"

"எங்கயும் வைக்க வேணாம். கொட்டிருங்க."

சரிக்கா என்றான். ஹேப்பி தீபாவளி என்றான். போனை நான் அமர்த்தினேன். அவள் சோற்றில் குழி பறித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ரசம் ஊத்து அப்பத்தா என்றாள். ஊற்றினேன். அள்ளிக் குடித்தாள். இன்னொரு கரண்டி கேட்டாள், அதையும் ஊற்றினேன்.

அவள் எழுந்தபிறகு நான் சாப்பிட உட்கார்ந்தேன். ரசத்தில் உப்பே போடவில்லை நான். வாயில் வைத்தபிறகுதான் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.